‘தெரியாது’ என்று எழுதி வைத்தவர்கள்

ஏறத்தாழ 35 ஆண்டுகளுக்கு முன்பு, காவிரிப் படுகையில் உள்ள ஒரு கல்லூரியில் முதுநிலை மாணவர்களுக்குப் பொருளாதார வளர்ச்சிக் கோட்பாடுகளைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாட்டின் உற்பத்தி வளர்ச்சிக்கு உழைப்பு எவ்வளவு காரணம், மூலதனம் எவ்வளவு காரணம் என்று கணக்கிட்டு முடித்த பின்னரும் விளக்கம் கிடைக்காமல் ஒரு பகுதி எஞ்சி நிற்கும். பொருளியலில் அதனை ‘எச்சம்’ என்போம். அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். நாகப்பட்டினம் கடற்கரையைச் சேர்ந்த மீனவக் குடும்பத்துப் பிள்ளை.

“விளக்கம் கிடைக்காதது எதுவா இருந்தாலும் இப்படித்தான் எழுதி வைப்பாங்களா சார்?” என்று கேட்டுவிட்டு, தயங்கித் தயங்கி ஒரு செய்தியைச் சொன்னார். சில வாரங்களுக்கு முன்பு அவருடைய தந்தை விடியற்காலையில் கட்டுமரத்தில் இருந்தபோது, கிழக்கு வானில் ஓர் ஒளியைக் கண்டாராம். அது தாழ இறங்கிச் சற்று நேரம் நின்று, இரண்டாகப் பிரிந்து, பின்னர் அணைந்துபோனதாம்.

“உங்கள் அப்பா பார்த்தது விடிவெள்ளியாக இருக்கும், அதையும் தேசிய வருமானத்தில் சேர்த்துவிடலாம்” என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. சிரிப்பு அடங்கிய பிறகு, “எங்க அப்பாவுக்கு விடிவெள்ளி தெரியும் சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்துகொண்டார். அந்த ஆண்டு முழுவதும் என் வகுப்பில் அவர் மற்றொரு கேள்வி கேட்கவில்லை.

பணி ஓய்வுக்குப் பிறகு, வானில் காணப்படும் விளங்காத பொருள்களைப் பற்றி உலகெங்கும் ஆராய்ந்தவர்களின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது, அந்தச் சிரிப்பு மீண்டும் மீண்டும் நினைவுக்கு வந்தது. ‘பறக்கும் தட்டு’ என்றாலே நமக்குத் திரைப்படமும் வேற்றுக்கிரகவாசியும்தான் தோன்றுகின்றன. ஆனால், இத்துறையில் மதிக்கத்தக்கவர்கள் வேற்றுக்கிரகவாசிகளைக் கண்டுபிடித்ததாகச் சொன்னவர்கள் அல்லர். கேட்டதைக் கேலி செய்யாமல் பதிவு செய்து, தெரிந்ததைத் தெரிந்தது என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் எழுதி வைத்தவர்களே அவர்கள். அவர்களைப் பற்றியதே இக்கட்டுரை.

ஒரு சொல் பிறந்த கதை

1947 ஜூன் 24 அன்று கென்னத் ஆர்னால்டு என்ற அமெரிக்கர் தமது சிறிய விமானத்தில் வாஷிங்டன் மாநிலத்தின் ரெய்னியர் மலை அருகே பறந்துகொண்டிருந்தார். மின்னும் ஒன்பது பொருள்கள் வரிசையாகப் பறந்து செல்வதைக் கண்டதாகவும், அவை ஒலியைவிட வேகமாகச் சென்றதாகவும் அவர் கூறினார். மனிதர் ஓட்டிய எந்த விமானமும் அதுவரை சமதளப் பறத்தலில் ஒலிவேகத்தைத் தாண்டியிருக்கவில்லை. நீரின் மேல் வீசிய தட்டு தத்திச் செல்வதுபோல அவை அசைந்தன என்பது அவர் சொன்ன உவமை. செய்தித்தாள்கள் அதைப் ‘பறக்கும் தட்டு’ ஆக்கின. விமானப் படைக்கு ஆர்னால்டு வரைந்து கொடுத்த உருவம் முழுவட்டமாக இருக்கவில்லை. அசைவைக் குறித்த சொல் உருவத்தைக் குறிக்கும் சொல்லாக மாறிவிட்டது. அதன் பிறகு மக்கள் வானில் தட்டுகளையே காணத் தொடங்கினார்கள். ஒரு சாட்சியின் வாக்குமூலம் எழுதப்படும் விதமே அடுத்த சாட்சியின் கண்ணை வழிநடத்தும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

சோவியத் ஒன்றியத்துடனான பனிப்போர் தொடங்கிய காலம் அது. எதிரியின் புதிய ஆயுதமாக இருக்கக்கூடும் என்ற ஐயத்தில் அமெரிக்க விமானப் படை 1948இல் ‘சைன்’ என்ற பெயரில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. அதுவே 1949இல் ‘கிரட்ஜ்’ எனவும், 1952இல் ‘புளூ புக்’ எனவும் பெயர் மாறி 1969 வரை நீடித்தது. ‘புளூ புக்’ திட்டத்தின் முதல் தலைவரான எட்வர்டு ரப்பெல்ட், பறக்கும் தட்டு என்ற சொல் முன்முடிவு கொண்டது என்று கருதினார். ‘அடையாளம் காணப்படாத பறக்கும் பொருள்’ என்ற நடுநிலையான தொடரை அவரே வழக்குக்குக் கொண்டுவந்தார். அதன் ஆங்கிலச் சுருக்கம்தான் ‘யுஎஃப்ஓ’. அத்தொடரில் வேற்றுக்கிரகம் இல்லை. அறியாமையை ஒப்புக்கொள்ளும் நேர்மை மட்டுமே இருக்கிறது.

மொத்தம் 12,618 நிகழ்வுகள் பதிவாயின. நட்சத்திரம், கோள், விண்கல், பலூன், விமானம், பறவைக்கூட்டம், மோசடி என்று பெரும்பான்மையானவற்றுக்கு விளக்கம் கிடைத்தது. 701 நிகழ்வுகள் ‘அடையாளம் காணப்படாதவை’ என்று எஞ்சின. ஏறத்தாழ 5.5 விழுக்காடு.

சதுப்பு நிலமும் ஒரு பேராசிரியரும்

இந்த ஆய்வுகளுக்கெல்லாம் அறிவியல் ஆலோசகராக இருந்தவர் ஆலன் ஹைனெக். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வானியல் பேராசிரியராக இருந்தபோது இப்பணிக்கு அழைக்கப்பட்டார். தொடக்கத்தில் அவர் கடுமையான ஐயவாதி. எல்லாவற்றுக்கும் ஓர் எளிய விளக்கம் சொல்லி முடிப்பதே தம் கடமை என்று கருதியவர்.

1966 மார்ச் மாதம் மிச்சிகன் மாநிலத்தில் சதுப்பு நிலங்களுக்கு மேலே ஒளிகள் தெரிவதாகக் காவலர்கள், கல்லூரி மாணவியர் உள்ளிட்ட பலர் கூறினார்கள். அவசரமாகக் கூட்டப்பட்ட செய்தியாளர் சந்திப்பில், இவற்றுள் சிலவற்றுக்குச் சதுப்பு நிலத்தில் அழுகும் தாவரங்களிலிருந்து எழும் வாயு காரணமாக இருக்கலாம் என்றார் ஹைனெக். நாளிதழ்கள் ‘சதுப்பு வாயு’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டன. நாடே சிரித்தது. ஆனால், சாட்சிகளுக்கு அது சிரிப்பாக இல்லை. தங்களை முட்டாள்களாக்கிவிட்டார்கள் என்று மிச்சிகன் மக்கள் கொதித்தார்கள். அம்மாநிலத்தின் நாடாளுமன்ற உறுப்பினரும் பின்னாளில் குடியரசுத் தலைவர் ஆனவருமான ஜெரால்டு ஃபோர்டு, நாடாளுமன்ற விசாரணை வேண்டும் என்று குரல் கொடுத்தார்.

அதன் விளைவாகக் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் எட்வர்டு காண்டன் தலைமையில் ஒரு தனி ஆய்வு நடந்தது. இப்பொருளை மேலும் ஆராய்வதால் அறிவியலுக்குப் பயன் விளையும் என்று எதிர்பார்க்க இயலாது என 1968இல் அது முடிவு கூறியது. அதே அறிக்கையின் உள்ளே, ஆராயப்பட்ட நிகழ்வுகளில் கணிசமானவை விளக்கமின்றியே கிடந்தன. முன்னுரையை மட்டும் படித்தவர்களும் உள்ளே படித்தவர்களும் இன்றுவரை வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1969 டிசம்பரில் ‘புளூ புக்’ மூடப்பட்டது.

ஹைனெக்கோ எதிர்த்திசையில் நடந்தார். ஆண்டுக்கணக்காகச் சாட்சிகளை நேரில் சந்தித்ததில், அவர்களுள் பலர் பொறுப்பானவர்கள், பொய் சொல்ல அவர்களுக்குக் காரணம் ஏதுமில்லை என்பதை உணர்ந்தார். 1972இல் எழுதிய நூலில், தொலைவில் தெரியும் ஒளி முதல் மிக அருகில் நிகழ்ந்த சந்திப்பு வரை சாட்சியங்களை வகைப்படுத்தும் முறையை வகுத்தார். அவரது வகைப்பாட்டிலிருந்துதான் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் தம் 1977ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் தலைப்பை எடுத்தார். அதில் ஹைனெக் ஒரு கணம் தோன்றவும் செய்கிறார். 1973இல் அவர் தொடங்கிய ஆய்வு மையத்தில், நம்புபவர்களும் நம்பாதவர்களும் ஒரே மேசையில் அமர்ந்தார்கள்.

அம்மையத்தில் முழுநேர ஆய்வாளராகப் பணிபுரிந்த ஆலன் ஹெண்ட்ரி என் மதிப்புக்குரியவர். வந்த 1,300க்கும் மேற்பட்ட புகார்களை ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் விசாரித்தார். விமான அட்டவணையையும் வானியல் அட்டவணையையும் ஒப்பிட்டார். பத்தில் ஏறத்தாழ ஒன்பதுக்கு எளிய விளக்கம் கிடைத்தது. அந்த முடிவை மறைக்காமல் 1979இல் நூலாக வெளியிட்டார். பறக்கும் தட்டுகளை ஆராய அமைந்த மையத்திலிருந்தே, பெரும்பாலானவை பறக்கும் தட்டுகள் அல்ல என்ற நூல் வந்தது. ஆய்வு என்பதன் பொருள் இதுதான்.

கண் ஏன் ஏமாறுகிறது?

ஏமாறுபவர்கள் அறிவிலிகள் என்று கருதுவது பெருந்தவறு. நம் நாட்டிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை லடாக் எல்லையிலுள்ள ஓர் ஏரியின் மேல் அடையாளம் தெரியாத பொருள்கள் தென்படுவதாக இந்தியப் படைவீரர்கள் 329 முறை பதிவு செய்தார்கள். சீனாவின் உளவு விமானங்களோ என்ற கவலை எழுந்தது. பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் அறிஞர்கள் அழைக்கப்பட்டார்கள். அவர்கள் கண்ட விடை: வியாழனும் வெள்ளியும்.

பயிற்சி பெற்ற வீரர்கள் எப்படித் தவறினார்கள்? உயர்ந்த மலைப்பகுதியில் காற்று மெலிந்து தூய்மையாக இருப்பதால் கோள்கள் வழக்கத்தைவிட அதிகமாக ஒளிரும். இருண்ட வானில் ஒற்றை ஒளிப்புள்ளியைத் தொடர்ந்து உற்றுப் பார்த்தால், அது அசையாதபோதும் அசைவதாகத் தோன்றும். கண்ணின் நுண்ணிய அசைவுகளை மூளை பொருளின் அசைவாகக் கொள்வதே காரணம் என்று உளவியலாளர்கள் விளக்குகிறார்கள். ஒப்பிட வேறொரு பொருள் இல்லாத வானில் தொலைவையும் பருமனையும் வேகத்தையும் மதிப்பிடக் கண்ணுக்கு வழியே இல்லை. நாம் வண்டியில் செல்லும்போது நிலா கூடவே வருவதுபோல, வெள்ளியும் ஒருவரை ‘மைல்கணக்கில் துரத்தி’ வரும். அடிவானத்துக்கு அருகில் காற்றடுக்குகளின் வெப்ப வேறுபாட்டால் ஒளி வளைந்து, ஒரே புள்ளி நீண்டும் பிரிந்தும் தெரிவது உண்டு.

இதில் நாம் கவனிக்க வேண்டிய மற்றொன்று இருக்கிறது. வீரர்கள் கண்டதைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அவர்களுடைய மேலதிகாரிகள் அதைச் சிரித்துத் தள்ளவில்லை. ஆகவேதான் விடை கிடைத்தது. கேலிக்கு அஞ்சி அவர்கள் வாய்மூடி இருந்திருந்தால், எல்லையில் ஒரு தவறான அச்சம் வளர்ந்துகொண்டே இருந்திருக்கும்.

எச்சத்தை என்ன செய்வது?

இங்கேதான் என் பாடத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. 1957இல் பொருளியலாளர் ராபர்ட் சோலோ, 1909 முதல் 1949 வரையிலான அமெரிக்கப் பொருளாதாரத்தை ஆராய்ந்தார். ஒரு மணி நேர உழைப்பின் உற்பத்தி பெருகியதில் எட்டில் ஒரு பங்கு மட்டுமே மூலதனப் பெருக்கத்தால் வந்தது. மீதி எட்டில் ஏழு பங்கு எச்சம். அதற்குத் ‘தொழில்நுட்ப மாற்றம்’ என்று அவர் பெயரிட்டார். இதையொத்த ஓர் எச்சத்தை ஓராண்டு முன்னதாகவே கண்ட மோசஸ் ஆப்ரமோவிட்ஸ், அது நம் அறியாமையின் அளவு என்று எழுதினார். பின்வந்தவர்கள் கல்வி, தொழிலாளர் திறன், துறை மாற்றம் என்று அதைப் பகுதி பகுதியாக விடுவித்தார்கள். முழுவதும் இன்றும் விடுபட்டுவிடவில்லை.

எச்சத்துக்கு முன்னால் இரண்டு தவறுகள் நேரலாம். அதை இல்லை என்று மறுப்பது முதல் தவறு. அதற்குள் நமக்கு விருப்பமான காரணத்தை நிரப்பிவிடுவது இரண்டாவது தவறு. எஞ்சிய 701 நிகழ்வுகளையும் மனப்பிரமை என்று தள்ளுபவர் முதல் தவறைச் செய்கிறார். அந்த 701ஐயும் வேற்றுக்கிரக விண்கலங்கள் என்று கொண்டாடுபவர் இரண்டாவது தவறைச் செய்கிறார். ‘விளக்கப்படவில்லை’ என்பது நம் அறிவின் நிலையைக் குறிக்கும் சொல். பொருளின் தன்மையைக் குறிக்கும் சொல் அன்று.

இந்த வேறுபாட்டை நிருவாக நடைமுறையாகவே ஆக்கிய நாடு பிரான்ஸ். அந்நாட்டின் தேசிய விண்வெளி ஆய்வு மையம் 1977இல் துலூஸ் நகரில் இதற்கென ஒரு சிறு பிரிவைத் தொடங்கியது. இன்று அது ‘கெய்ப்பன்’ என்று அழைக்கப்படுகிறது. விளங்காத ஒன்றைக் கண்ட குடிமகன், பெரும்பாலும் ஊர்ப்புறக் காவல்படையான ஜான்தார்மரியிடம் வாக்குமூலம் கொடுக்கிறார். அது அறிஞர்களிடம் போகிறது. அவர்கள் நான்கு வகைகளுள் ஒன்றில் அதைச் சேர்க்கிறார்கள்: முழுமையாக விளக்கப்பட்டது, பெரும்பாலும் விளக்கப்பட்டது, போதிய தகவல் இல்லாதது, போதிய தகவல் இருந்தும் விளக்கப்படாதது.

மூன்றாவதையும் நான்காவதையும் பிரித்ததில்தான் அறிவு இருக்கிறது. தகவல் இல்லாததால் விளங்காதது மர்மம் அன்று. அது அரைகுறைப் பதிவு. உண்மையான எச்சம் நான்காவது வகை மட்டுமே. அது நூற்றுக்கு ஒரு சில என்ற அளவுதான். 2007இல் இந்த ஆவணங்களை அந்நிறுவனம் இணையத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. பழைய நிகழ்வுகளைப் புதிய கருவிகளைக் கொண்டு மீண்டும் ஆராய்கிறார்கள். ஒரு காலத்தில் விளக்கப்படாதவை என்றிருந்த சில, விளக்கப்பட்டவை என மாறியுள்ளன. முன்பு எழுதியதைத் திருத்த அவர்கள் வெட்கப்படுவதில்லை.

நார்வேயின் ஹெஸ்டாலன் பள்ளத்தாக்கு மற்றொரு பாடம். 1981 இறுதியிலிருந்து 1984 வரை அங்கே விந்தையான ஒளிகள் அடிக்கடி தோன்றின. 1983இல் தொடங்கிய ஆய்வுத் திட்டம், 1984 குளிர்காலத்தில் ராடார், நிழற்படக் கருவி, காந்தப்புல அளவி முதலியவற்றுடன் உறைபனியில் முகாமிட்டது. அதை முன்னின்று நடத்தியவர் எர்லிங் ஸ்ட்ராண்ட் என்ற பொறியியல் ஆசிரியர். 1998இல் அங்கே தானியங்கி அளவீட்டு நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. கல்லூரி மாணவர்கள் ஆண்டுதோறும் அங்கே சென்று அளக்கக் கற்கிறார்கள். சில ஒளிகள் மகிழுந்து விளக்குகள் என்றும் விமானங்கள் என்றும் தெளிவாகின. வேறு சிலவற்றுக்கு மின்னேற்றம் பெற்ற தூசி, பாறைக் கனிமங்கள் இயற்கை மின்கலம்போலச் செயல்படுவது எனப் பல கருதுகோள்கள் உள்ளன. எதுவும் இன்னும் உறுதியாகவில்லை. ‘யார் வந்தார்கள்’ என்று கேட்காமல் ‘என்ன ஒளிர்கிறது’ என்று கேட்டதால், பல பத்தாண்டுகளாக அங்கே ஓர் ஆய்வு அமைதியாக நடந்துகொண்டிருக்கிறது.

1973இல் சில ஆர்வலர்கள் தொடங்கிய ஆவணக் காப்பகம் ஒன்று சுவீடனின் நார்ஷோப்பிங் நகரில் இருக்கிறது. பல நாடுகளிலும் ஆய்வாளர்கள் இறந்துபோகும்போது, அவர்கள் வாழ்நாளெல்லாம் திரட்டிய கடிதங்களும் வாக்குமூலங்களும் குப்பைக்குப் போகாமல் காப்பதே அவர்கள் பணி. இன்று கிலோமீட்டர் கணக்கில் அடுக்குகள் நிறைந்திருக்கின்றன. நம்பியவரின் தாளும் மறுத்தவரின் தாளும் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன.

மறைத்தால் என்ன விளையும்?

இதற்கு நேர்மாறான வரலாறும் உண்டு. 1947 ஜூலையில் நியூ மெக்சிகோவின் ராஸ்வெல் அருகே ஒரு பண்ணையில் சிதைபொருள்கள் கிடைத்தன. ‘பறக்கும் தட்டு கைப்பற்றப்பட்டது’ என்று இராணுவத்தின் செய்திக்குறிப்பு முதலில் சொன்னது. உடனேயே, வானிலை பலூன்தான் என்று திருத்தியது. சோவியத் அணுகுண்டுச் சோதனைகளின் ஒலியை வானில் உயரத்திலிருந்து கேட்பதற்காக விடப்பட்ட ‘மோகல்’ என்ற இரகசியத் திட்டத்தின் பலூன் தொடரே அது என்று விமானப் படை 1994இல்தான் விளக்கியது. இடைப்பட்ட 47 ஆண்டுகளில் ராஸ்வெல் ஒரு தொன்மமாகவே வளர்ந்துவிட்டது. உண்மையைச் சொன்னபோது நம்ப ஆளில்லை.

யு-2 உளவு விமானத்தின் கதையும் இத்தகையதே. 1950களின் நடுவில், பயணிகள் விமானங்கள் 20,000 அடி உயரத்தை ஒட்டிப் பறந்த காலத்தில், அது 60,000 அடிக்கு மேல் பறந்தது. தரையில் இருள் சூழ்ந்த பிறகும் அந்த உயரத்தில் வெயில் இருக்கும். வெள்ளி நிற இறக்கைகள் தீப்போல மின்னும். 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் வந்த புகார்களில் பாதிக்கு மேல் இத்தகைய உளவு விமானங்களால் விளைந்தவை என்று சிஐஏவின் வரலாற்றாய்வு ஒன்று 1997இல் மதிப்பிட்டது. இவ்விகிதம் மிகை என்று மறுப்பவர்களும் உள்ளனர். எவ்வாறாயினும், விடை தெரிந்த அதிகாரிகள் சாட்சியிடம் வேறொரு விளக்கத்தைச் சொல்ல நேர்ந்தது என்பது உண்மை. இந்த இரகசியத்துக்கு நாட்டுப் பாதுகாப்பு என்ற நியாயமான காரணமும் இருந்தது. ஆனால், அதற்கான விலையை அரசின் நம்பகத்தன்மை செலுத்தியது.

பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் பழைய மகிழுந்துச் சந்தையைக் கொண்டு ஒரு கோட்பாட்டை விளக்கினார். வண்டியின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்றால், நல்ல வண்டிகள் சந்தையிலிருந்து வெளியேறிப் பழுதானவையே மிஞ்சும். தகவலுக்கும் இது பொருந்தும். எது மெய், எது பொய் என்று பிரித்தறிய வழியில்லாத இடத்தில் கவனமான ஆய்வாளர் ஒதுங்கிக்கொள்கிறார். உரக்கக் கூவுபவர் எஞ்சுகிறார். பெல்ஜியத்தில் 1989, 1990ஆம் ஆண்டுகளில் முக்கோண வடிவப் பொருள்களைக் கண்டதாக ஏராளமானோர் கூறினார்கள். அவர்களின் சாட்சியங்களைப் பொறுமையாகத் திரட்டிய தன்னார்வலர்களை இன்று நினைப்பவர் சிலரே. ஆனால், அப்போது வெளிவந்த ஒரு முக்கோணப் படம் உலகெங்கும் பரவியது. நுரைப் பலகையில் விளக்குகளைப் பொருத்தித் தாமே எடுத்த படம் அது என்று 2011இல் ஒருவர் ஒப்புக்கொண்டார். 20 ஆண்டுகள் அப்பொய் நல்ல சாட்சியங்களையும் சேர்த்துக் கெடுத்தது.

அண்மைக் காலத்தில் அமெரிக்காவில் இந்தப் பொருள் மீண்டும் எழுந்துள்ளது. 2021இல் அந்நாட்டின் உளவுத்துறைத் தலைமையகம் 144 நிகழ்வுகளை ஆராய்ந்து, ஒன்றுக்கு மட்டும் உறுதியான விளக்கம் தந்தது: காற்று இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய பலூன். மற்றவற்றுக்குத் தகவல் போதவில்லை. அதாவது, பிரெஞ்சுக்காரர்களின் மூன்றாவது வகை. ஆனால், செய்திகளில் அவை நான்காவது வகையாக உலவின. 2023 ஜூலையில், அரசிடம் வேற்றுலகக் கலங்கள் இருப்பதாகப் பிறர் தம்மிடம் கூறினர் என்று ஒரு முன்னாள் உளவு அதிகாரி நாடாளுமன்றக் குழுவின் முன் உறுதிமொழியேற்றுச் சொன்னார். பாதுகாப்புத் துறையில் இதற்கென அமைந்த அலுவலகம் 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, அத்தகைய கூற்றுகளுக்குச் சான்று ஏதும் கிடைக்கவில்லை என்றது. ஒரு சிறு வட்டத்தினர் ஒருவர் சொன்னதை மற்றொருவர் சான்றாகக் காட்டிவந்ததே இதில் பெரும்பகுதி என்றும் அது குறிப்பிட்டது.

வான் இயற்பியலாளர் டேவிட் ஸ்பெர்கல் தலைமையில் நாசா அமைத்த குழு 2023 செப்டம்பரில் தந்த அறிக்கை, எனக்கு இவற்றுள் மிகவும் பயனுள்ளதாகப் பட்டது. வேற்றுலக மூலத்துக்குச் சான்று காணாத அக்குழு, உண்மையான தடை இரண்டு என்றது. அளவீட்டுக்கென ஒழுங்குபடுத்தப்படாத கருவிகளிலிருந்து வரும் தரமற்ற தரவு ஒன்று. கண்டதைச் சொல்பவர்மீது படியும் களங்கம் மற்றொன்று. அக்குழுவின் உறுப்பினர்களே இணையத்தில் வசைக்கும் தொல்லைக்கும் ஆளானார்கள். ஒருபுறம் ‘இதையெல்லாம் ஆராய்வதா’ என்று கேலி. மறுபுறம் ‘உண்மையை மறைக்கிறீர்கள்’ என்று மிரட்டல். நடுவில் நின்று அளந்து பார்க்க முயல்பவருக்கு இரண்டு பக்கமும் அடி விழுகிறது.

பொதுப்பணம் தகுமா?

ஏழைகள் நிறைந்த உலகில் இதற்குப் பணம் செலவிடலாமா என்று கேட்பது நியாயமே. 1978இல் கிரெனடா என்ற சிறு தீவு நாட்டின் பிரதமர் எரிக் கெய்ரி, ஐக்கிய நாடுகள் அவையில் இப்பொருளுக்கென ஓர் அமைப்பு வேண்டும் என்று வாதாடினார். ஹைனெக்கும், பிரெஞ்சுக் கணினி அறிஞர் ழாக் வாலேயும் அங்கே பேசினார்கள். உறுப்பு நாடுகள் தத்தம் அளவில் ஆராயலாம் என்ற பரிந்துரையோடு விஷயம் முடிந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் கெய்ரியின் ஆட்சியே கவிழ்ந்துவிட்டது. வறிய நாட்டின் தலைவர் பறக்கும் தட்டைப் பற்றிக் கவலைப்படுகிறாரே என்று அன்று நகைத்தவர்கள் உண்டு. நானும் நகைத்திருப்பேன்.

வேற்றுக்கிரகவாசிகளைத் தேடுவதற்குப் பெருந்தொகை ஒதுக்குவதை நான் இன்றும் ஆதரிக்க மாட்டேன். ஆனால், பிரான்ஸ் செய்வது அதுவன்று. ஒரு சில ஊழியர்கள், தன்னார்வ விசாரணையாளர்கள், ஏற்கெனவே உள்ள காவல் நிலையங்கள், ஒரு திறந்த ஆவணத் தொகுப்பு. செலவு சிறிது. பயனோ பல வகை. வானில் இன்று ஆளில்லா விமானங்களும் செயற்கைக்கோள் தொடர்களும் பெருகியுள்ளன. விளங்காத ஒன்றைக் கண்ட விமானி, தம் வேலை போய்விடுமோ என்று அஞ்சி அதை மறைத்தால், அது பயணிகளின் உயிரோடு விளையாடுவதாகும். விசித்திரமானதைக் கண்டேன் என்று ஒரு குடிமகன் கூசாமல் சொல்லவும், அரசு அதைக் கேட்டுப் பதில் கூறவும் ஓர் ஏற்பாடு இருப்பது மக்களாட்சிக்கு நல்லது. பதில் ‘விடிவெள்ளி’ என்பதாக இருந்தாலும், விசாரித்துச் சொன்ன விடிவெள்ளிக்கும் சிரித்துச் சொன்ன விடிவெள்ளிக்கும் வேறுபாடு உண்டு.

அந்த வேறுபாட்டைத்தான் அன்றைக்கு என் வகுப்பில் நான் தவறவிட்டேன். அம்மீனவர் கண்டது வெள்ளியாகவே இருந்திருக்கலாம். விண்ணிலிருந்து விழுந்த ஏவுகலத்தின் துண்டாக இருந்திருக்கலாம். வேறொரு படகின் விளக்காகவும் இருந்திருக்கலாம். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எளியவை: எந்த நாள்? எத்தனை மணி? எந்தத் திசை? அடிவானத்திலிருந்து எத்தனை விரற்கடை உயரம்? எவ்வளவு நேரம் தெரிந்தது? கூட இருந்தவர் யார்? ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். எச்சத்தைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்த நான், கண்முன் வந்த ஓர் எச்சத்தைப் பதிவு செய்யாமல் அழித்துவிட்டேன்.

கோள்களின் இருப்பிடத்தை, கடந்துபோன எந்த நாளுக்கும் துல்லியமாகக் கணக்கிட முடியும். அந்த விடியற்காலையில் நாகப்பட்டினத்தின் கிழக்கு வானில் வெள்ளி இருந்ததா, இருந்தால் எந்த உயரத்தில் என்பதை இன்றும் சில நிமிடங்களில் அறிந்துவிடலாம். அந்த மாணவருக்கு இப்போது 55 வயது கடந்திருக்கும். இதை அவர் படிக்க நேர்ந்து, அந்த நாள் அவருக்கோ அவர் தந்தையாருக்கோ நினைவிருந்தால், எனக்கு எழுதட்டும். இம்முறை நான் கேட்டு எழுதிக்கொள்வேன்.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் – ஓய்வு)